உங்கள் பெட்டியில் என் பாட்டு

என் ஆசை மாமாவுக்கு,

உங்கள் பெட்டியைத் தொட்டுவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அங்கிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் கத்திக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அந்தச் சிந்தசைசரைத் துணிபோட்டுத் துடைக்கக்கூட என்னை விட்டதில்லை நீங்கள். "தூர நில்லு புள்ள, கையெல்லாம் எண்ணெய்" என்பீர்கள். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவள் கையில் எண்ணெய் இல்லாமல் பன்னீரா இருக்கும்?

தொட்டதோடு நிற்கவில்லை. புதுச்சத்திரம் மாரியம்மன் பண்டிகையில், அத்தனை சனத்துக்கு முன்னால், உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து புதுப்பாட்டு வாசித்தேன். ஜெயித்துவிட்டேன் மாமா! அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் கண்ணை மூடின மூன்றாம் மாதம், உங்கள் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் பாடகர் செல்வராசு அண்ணன் வீட்டுக்கு வந்தார். காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்து முடித்தார். பிறகு, "அம்மிணி, சேலத்துல ஒரு கீபோர்டுக்காரர் இருக்காருங்க. பெட்டிய அவருகிட்டக் குடுத்தா ஆடிப் பண்டிகைக்கு ஆகுமுங்க. ஊட்டுல சும்மாதான கெடக்குது?" என்றார்.

"பெட்டி எங்கயும் போவாதுங்கண்ணா. நானே வாசிக்கறேன்."

இதை நான்தான் சொன்னேனா? இன்றுவரை எனக்கே நம்பிக்கையில்லை. அவர் சிரிக்க வாய் திறந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "சரிங்க. ஆடிக்குள்ள புதுப்பாட்டு ஒண்ணு போட்டீங்கன்னா நாற்காலி உங்களுது. இல்லீன்னா பெட்டி சேலத்துக்குப் போயிருமுங்க" என்றார். ஆகட்டும் என்றேன்.

உங்கள் பழைய பாட்டு ஒன்றை ஓட்டிவிட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. பண்டிகை மேடையில் முதலில் ஒலிக்கும் அந்த வார்த்தையில்லாத பாட்டு வருஷா வருஷம் புதிதாக இருக்க வேண்டும் என்று வழக்கம் வைத்ததே நீங்கள்தானே. போன வருஷத்துப் பாட்டைப் போடுவது அம்மனுக்கு வாடின மாலை சாத்துகிற மாதிரி என்பீர்கள். நீங்கள் வைத்த வழக்கம் கடைசியில் என் தலையில்தான் விடிந்தது.

முதல் இரண்டு நாள் சத்தமே வரவில்லை. கட்டை மட்டும் உள்ள அந்தச் சின்ன மிடி கீபோர்டிலிருந்து, சத்தம் போடுகிற பெட்டிக்கு ஒயரெல்லாம் சரியாகத்தான் சொருகியிருந்தேன். நம் கயல் காலேஜிலிருந்து வந்து, ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கீபோர்டு பேசறது ஒண்ணாம் சேனல்லம்மா, பெட்டி கேக்கறது மூணாம் சேனல்ல. அப்பறம் எப்படிச் சத்தம் வரும்?"

"உங்கொப்பனும் நானும் பத்தொம்பது வருசம் அப்படித்தான் சாமி குடும்பம் பண்ணினோம்" என்றேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடிக்கும்போது இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் ஓடவில்லை.

சத்தம் வந்ததும் அடுத்த வம்பு. கீபோர்டுக்குக் கீழே நீங்கள் ஒரு பெடல் வைத்திருந்தீர்கள். எனக்குப் பெடல் என்றால் மிதிக்க வேண்டும், மிதித்தால்தான் மோட்டார் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். தையல் மெஷினில் அதுதானே என் பிழைப்பு? அழுத்தி மிதித்தபடியே வாசித்தேன். ஒரு சுரமும் ஓயாமல் அடுத்த சுரத்தோடு ஒட்டிக்கொண்டு, எல்லாம் குழைந்து கஞ்சியாகிப் போயிற்று.

பெட்டி கெட்டுப்போச்சு என்று நாலு நாள் திட்டித் தீர்த்தேன். உங்களையும் சேர்த்துத்தான். கயல்தான் குனிந்து பார்த்து, "அய்யோ, காலை எடும்மா! அத மிதிச்சா சத்தம் நிக்காம இழுத்துக்கிட்டே போகும்" என்று கத்தினாள். எடுத்தேன். சுரங்கள் தனித்தனியாக, சுத்தமாக வந்தன. கால் பழக்கதோஷத்தில் மறுபடி மறுபடி அங்கேயே போனதால், பெடலைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

அப்புறம் எனக்குப் பிடிபட்டுவிட்டது மாமா, பத்தொன்பது வருஷம் தள்ளி நின்று உங்கள் விரலைப் பார்த்தது வீண்போகவில்லை. பெட்டியில் வரிசையாகப் பதினாறு பொத்தான். தார்ப்பாய் ஓரத்தில் கயிறு கோக்க வளையம் அடிக்கிறோமே, அதே கணக்குதான்: வேண்டிய இடத்தில் அடி, வேண்டாத இடத்தை விடு. தாளத்தைப் பொத்தானில் போட்டுச் சுற்றவிட்டு, அதன்மேல் கீபோர்டில் அடிநாதம் வாசித்துப் பதிந்து, அதன்மேல் இன்னொன்று பதிந்து, எல்லாவற்றுக்கும் மேலே கையால் மெட்டை வாசித்தேன். ஆனி முடிவதற்குள் பாட்டு வந்துவிட்டது. நம் வீட்டில், என் விரலில்.

சேமிக்கப் போனால் இடமில்லை! பெட்டியில் பாட்டு வைக்கப் பதினாறே இடம், பதினாறிலும் நீங்கள். என்னுடையதை வைக்க வேண்டுமென்றால் உங்களுடையது ஒன்று அழிய வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். கயலுக்கு அம்மை போட்டிருந்தபோது செய்த பாட்டை அழிப்பேனா? நாம் சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமல் கிடந்தபோது, அடுத்த அறையிலிருந்து ஒரு பாட்டு வாசித்து என்னைச் சிரிக்கவைத்தீர்களே, அதை அழிப்பேனா?

"போன்ல பதிஞ்சு வெச்சுக்கிட்டு ஒண்ண அழிச்சுரும்மா" என்றாள் கயல். அவளுக்கு எப்படிச் சொல்வது? போனில் இருக்கப்போவது வெறும் சத்தம். பெட்டிக்குள் இருப்பது உங்கள் விரல். எந்தப் பொத்தானை எங்கே அழுத்தினீர்கள் என்பது அப்படியே விளக்கு விளக்காக எரிகிறது. என்னால் முடியாது என்றேன்.

அதனால் சேமிக்கவே இல்லை. சேமிக்காத பாட்டு கரண்ட் இருக்கும்வரைதான் பெட்டியில் நிற்கும். மேடையிலேயே முதலிலிருந்து அடுக்கடுக்காகக் கட்டிவிடுகிறேன் என்று செல்வராசு அண்ணனிடம் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நடுவுல தப்பாப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க அம்மிணி?"

"தப்பாப் போனா பெட்டிய அங்கேருந்தே சேலத்துக்கு அனுப்பீருங்கண்ணா."

பொழுது சாயும் நேரம், மேடையேறினேன். முன்வரிசையில் ஒரு அம்மாள், "யாரு இது? தார்ப்பாய்க் கடைக்காரியாட்ட இருக்குது!" என்றது எனக்கே கேட்டது. தாளம் போட்டேன், சுற்ற ஆரம்பித்தது. அடிநாதம் பதியும்போது விரல் பக்கத்துக் கட்டைக்குப் போய் ஒரு சுரம் தப்பாக விழுந்துவிட்டது. விழுந்தது விழுந்ததுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் அதே இடத்தில் அந்தத் தப்பு வந்து வந்து போகிறது. எடுத்தால் அடுக்கு முழுதும் போய்விடும். செல்வராசு அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது எனக்கு ஒரு வீம்பு வந்தது. தப்புதானே? இருந்துவிட்டுப் போகட்டும்! மெட்டை அந்தச் சுரத்துக்கே கொண்டுபோனேன். அது வரும் ஒவ்வொரு முறையும் நானும் அதே சுரத்தை ஓங்கி அடித்தேன். மூன்றாம் சுற்றில் சனம் அந்த இடத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தது. ஐந்தாம் சுற்றில் விசில் பறக்கிறது! பூசாரிகூட உடுக்கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முன்வரிசை அம்மாள் எழுந்து ஆடுகிறார் மாமா, மடியில் இருந்த தேங்காய்ப்பழத் தட்டோடு!

நிகழ்ச்சி முடிந்ததும் ஒலிபெருக்கிக்காரர் கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டார். பாட்டு போய்விட்டது. ஒயரை மறுபடி சொருகிக்கூடப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எப்படியும் அடுத்த வருஷத்துக்குப் புதுசுதானே வேண்டும்? செல்வராசு அண்ணன் வந்து, அந்தச் சுரத்தை எப்படி யோசித்து வைத்தேன் என்று கேட்டார். நான் ஒயரைச் சுருட்டப் போய்விட்டேன். பெட்டியை அவரே தூக்கி வந்து நம் வண்டியில் வைத்தார். "ஜலகண்டாபுரத்துலயும் கேக்கறாங்க. கீபோர்டு பூங்கொடின்னு நோட்டீசுல போட்டுரலாமுங்களா?" என்றார்.

போடச் சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்கு. உங்கள் பதினாறு பாட்டும் பெட்டியில் அப்படியே இருக்கும், நான் இருக்கும்வரை ஒரு பொத்தான்கூட மாறாது. வீட்டில் நானும் கயலும் போட்டுக் கேட்போம். ஆனால் மேடையில் அவற்றைப் போட மாட்டேன், யார் கேட்டாலும் சரி, நீங்களே வந்து கேட்டாலும் சரி. நீங்கள் இல்லையே என்று தினமும் அழுகிறேன், அது வேறு. நாற்காலி இப்போது என்னுடையது மாமா. அதில் உட்கார்ந்தால் என் பாட்டைத்தான் வாசிப்பேன்.

என்றைக்கும் உங்கள் வீட்டுக்காரி,
இனிமேல் கீபோர்டுக்காரியும்கூட,
பூங்கொடி