ஏழு பாட்டில் இருமல் மருந்து

என் பிரியமுள்ள எஸ்தர் அக்கா,

உன் சாவுச் செய்தியை முதலில் எழுதிக்கொண்டவன் நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் பத்திரிகைக்கு வழக்கமாகத் தகவல் சொல்லும் ஊழியர் கூப்பிட்டார். "ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட்ல ஒரு அம்மா மயங்கி விழுந்துட்டாங்க சார். இங்க கொண்டு வர்றதுக்குள்ள போய்ட்டாங்க." பேனாவை எடுத்தேன். என்ன வேலை பார்ப்பவர் என்று கேட்டேன்.

"அதான் சார் பேஜாரா இருக்கு. கழுத்துல ரெண்டு அட்டை மாட்டியிருக்காங்க. ஒண்ணு ஷூ கம்பெனி, ஒண்ணு காலேஜ். எதைப் போடறதுன்னு தெரியல."

பெயரைக் கேட்டேன். சொன்னார். எழுதினேன். இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதி முடித்த பிறகுதான், என் கை எழுதியதை என் கண் படித்தது.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். முன்னமே தலைவலி இருந்திருக்கும் என்றும் சொன்னார். இருந்ததா, அக்கா? காலையில் கம்பெனி, ஷிஃப்ட் முடிந்ததும் வாணியம்பாடி பஸ், சாயங்கால வகுப்பு, திரும்பி வந்து சமையல். இதில் தலைவலியை எந்த நேரத்தில் யாரிடம் சொல்லியிருப்பாய்?

நாற்பத்து மூன்று வயதில் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். "தெனம் ஷூவுல தப்பு பாக்கறேன். சாஃப்ட்வேர்ல தப்பு பாக்கறதுக்கும் ஆள் எடுக்கறாங்களாம்டா. உக்காந்துக்கினே பாக்கலாமாம்." நிற்கிற வேலையில் உன் கால் நரம்பெல்லாம் சுருண்டு கிடந்தது எனக்குத் தெரியும். கம்பெனியில் உன் தோழிகள் கிண்டல் செய்யாமல் விடவில்லை. "இன்னா எஸ்தரு, பேரன் எடுக்கற வயசுல பேக்க மாட்டிக்கினு கெளம்பிட்ட?" அதற்கு நீ, "பேக்ல புளிசாதம்தான்டி இருக்கு, வேணுமா?" என்றாயாம். உன் அடக்கத்தன்று அவர்களே சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

பெட்டியில் போகும் முன் இடதையும் வலதையும் பொருத்திப் பார்ப்பது உன் வேலை. ஒத்தையாக ஒரு ஷூ மேஜைக்கு வந்தால் மொத்த லைனுக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுப்பாய்: "ஜோடி எங்கே?" வீட்டிலும் அதே பழக்கம்தான். மூன்று இட்லி கேட்டால் என் தட்டில் நான்கு விழும்.

கல்லூரியிலும் புராஜெக்ட்டை இரண்டிரண்டு பேராகச் செய்ய வேண்டும் என்றார்கள். அம்மா வயதுக்காரியோடு சேர யாரும் வரவில்லை; நஸ்ரீன் வந்தாள். பகலில் மருந்துக்கடையில் பில் போடும் பெண். அந்தக் கடையின் சரக்குக் கணக்கைத்தான் இருவரும் சாஃப்ட்வேராகச் செய்தீர்கள். ஆளுக்குப் பாதி.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் அவளுடைய அம்மாவோடு வந்தாள். "அண்ணா, அடுத்த வாரம் வைவா. அக்கா எழுதின பாதி எனக்குப் புரியாது. பெயிலானா வீட்ல இதோட போதும்னுடுவாங்க." பக்கத்தில் இருந்த அம்மா மறுக்கவில்லை. "நான் ஒத்தையாய்ட்டேண்ணா," என்றாள் நஸ்ரீன். ஒத்தை, உன் ஷூ மேஜை வார்த்தை அது. "நீங்க வந்து சும்மா உக்காருங்க, போதும்."

போனேன். ஆசிரியர் அனுமதித்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

தேர்வாளர் வெளியூர்க்காரர். நஸ்ரீன் தன் பாதியை நன்றாகவே விளக்கினாள். அவர் தானே கீபோர்டை இழுத்துக்கொண்டார். இருமல் மருந்து, ஏழு பாட்டில் என்று அடித்தார். சுவரிலிருந்த பெரிய திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது:

ஜோடி எங்கே?

அக்கா, உன் குரல் அது. வகுப்பில் பாதிப் பேர் தோல், ஷூ வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஒருவன் சிரித்துவிட்டான், உடனே நிறுத்திக்கொண்டான்.

"இது என்னம்மா?" என்றார் தேர்வாளர்.

நஸ்ரீனுக்கும் அது தெரியாது. மாத்திரை அட்டை, மருந்துப் பெட்டி என்று பத்தும் இருபதுமாகவே போட்டுச் சோதித்திருக்கிறீர்கள். ஒற்றைப்படையில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. தப்பு பார்க்கும் வேலைக்குப் போக நினைத்தவளே, இதை எப்படி விட்டாய்?

"தப்புதான் சார்," என்றாள் அவள். "அக்கா ஷூவுக்கு ஜோடி பாக்கறவங்க. ஒத்தையா எது வந்தாலும் விட மாட்டாங்க. மருந்துக்கும் அதையே எழுதிட்டாங்க."

"உன்னால திருத்த முடியுமா?"

உன் பாதியைத் திறந்தாள். தனக்குப் புரியாது என்று சொன்னாளே, அதை மேலிருந்து ஒவ்வொரு வரியாக வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தாள். எண்ணை இரண்டால் வகுத்து மீதி பார்க்கும் இடத்தில் நின்றாள். விரல் அழிக்கும் விசையின் மேல் இருந்தது, அழுத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அழித்தாள். ஏழு பாட்டிலும் உள்ளே போயின.

"எப்படிம்மா இவ்ளோ சீக்கிரம் கண்டுபிடிச்ச?"

"அக்கா எப்படி யோசிப்பாங்கன்னு தெரியும் சார்."

நஸ்ரீன் பாஸ், அக்கா. சென்னையில் ஒரு கம்பெனி டெஸ்டிங் வேலைக்கு, நீ சொன்ன அதே தப்பு பார்க்கும் வேலைக்கு, நேர்முகத் தேர்வு வைத்திருக்கிறது. ஒத்தையாக அனுப்ப அவள் அம்மாவுக்கு மனமில்லை. அவர்கள் இருவரோடும் நானும் போகிறேன்.

திருத்துவதற்கு முந்தைய புரோகிராமை அவளிடம் கேட்டு வாங்கி என் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன். நேற்று அதைத் திறந்து ஒன்று என்று அடித்தேன். நீ கேட்டாய். பதில் எழுத அதில் இடமே வைக்கவில்லையே, ஏன்?

பிறர் எழுதியதில் தப்பு திருத்தியே தலை நரைத்தவன் நான். இந்த ஒன்றில் மட்டும் கை வைக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நான்கு இட்லி தின்று வளர்ந்த உன் தம்பி,
சாமுவேல்