படகுக்காரர்களுக்கு ஊற்றிய தண்ணீர்

பங்குனி, ஞாயிறு இரவு.

இந்த வயதில் எழுத்துக் கூட்டி எழுதப் பழகிய பிறகு இவ்வளவு நல்ல நாள் எனக்கு வாய்த்ததில்லை. பாய்மரப் படகிலேயே குடியிருந்து உலகம் சுற்றும் வெள்ளைக்காரத் தம்பதி இன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். தூத்துக்குடியில் அவர்கள் படகு என்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். நாளை வேலை முடிந்து கடலுக்குக் கிளம்பும்முன் ஊர் பார்க்கலாம் என்று, கார் ஓட்டும் என் தங்கை மகன் அவர்களைத் திருச்சுழிக் கோயிலுக்குக் கூட்டி வந்தான். அப்படியே இங்கேயும் வந்தார்கள்.

வீட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீர்தான் இருந்தது. தண்ணீர் லாரி நாளை மறுநாள்தான் வரும்.

"கடல்ல கெடக்குறவுக. கை கழுவவே குடத்தக் கவுத்துருவாக" என்று என் வீட்டுக்காரி முணுமுணுத்தாள்.

அந்த வெள்ளைக்கார அம்மா அரைச் செம்புத் தண்ணீரில் கை, வாய், தட்டு எல்லாம் கழுவிவிட்டார். படகில் நல்ல தண்ணீரை அளந்துதான் புழங்குவார்களாம்.

"ஏங்க, நம்மள விடக் கெட்டியா இருக்காக!" என்று சிரித்தாள் இவள்.

அவர்கள் புறப்படும்போது, குடத்தில் மிச்சமிருந்ததை அவர்களுடைய பாட்டில்களில் ஊற்றினாள்.

"நாளைக்கு நமக்கு?" என்றேன்.

"நமக்குப் பக்கத்து வீடு இருக்கு. நடுக்கடல்ல இவுக யார்ட்ட போயிக் கேப்பாக?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவள் பெயரை இதுவரை நான் எழுதிப் பார்த்ததில்லை. பேச்சியம்மாள்.