உப்புப் போட்ட ஐஸ்

அன்புள்ள அக்கா,

போன வாரம் உன் மீன்பெட்டியைத் திறந்தேன். நீ போய் மாதக்கணக்காகியும் சீலாமீன் வாடை அதிலிருந்து போகவில்லை. உன் நாய் செவலையின் ரத்தத்தைச் சென்னைக்குச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஐஸை உடைத்துக் கொட்டியதும் என் கை தானாகவே கல்லுப்புக்குப் போனது. பதறிப்போய் இழுத்துக்கொண்டேன்.

முதல் தடவை வெறிநோய் ஊசி போட்டபோதே செவலைக்கு முகம் வீங்கி மூச்சடைத்துவிட்டது. கடலாடி மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் பிழைக்க வைத்தார். மறுவருஷம் நீ அவரிடம் மல்லுக்கு நின்றாய்.

“திரும்பப் போட்டா செத்துப்போகும் சார்.”

“ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி மிச்சம் இருக்கான்னு பார்ப்போம்மா. இருந்தா ஊசி வேண்டாம். குளிர்ச்சி குறையாம அனுப்புங்க.”

மீன் விற்கிற உனக்குக் குளிர்ச்சியைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்! சீலாவுக்குச் செய்கிற மாதிரியே ஐஸில் உப்பைத் தூவி இறுக்கிக் கட்டினாய். உப்புப் போட்டால் ஐஸின் குளிர் இன்னும் கடுமையாகிவிடும்; அதில் ரத்தம் கட்டியாக உறைந்து கெட்டுவிட்டது. சோதிக்க முடியாது என்று பதில் வந்தது.

மறுபடி அனுப்ப அவகாசமில்லை. நம் மாரியூருக்குள் வெறிநாய் புகுந்து ஆடுகளைக் கடித்திருந்தது. ஊசி போடாத நாய்களை அடித்துப்போடுவதென்று ஊர் கூடிப் பேசிவிட்டது. நீ வாசல் மணலில் பிரமை பிடித்தவள்போல் உட்கார்ந்திருந்தாய். பிறகு எழுந்தாய்.

“ஏலே தம்பி, வண்டிய எடு. ஊசியில செத்தா என் மடியில சாவட்டும். இவனுங்க கம்புல சாவ வேணாம்.”

ஊசி இறங்கியதுமே செவலை கால் விறைத்து விழுந்தது. டாக்டர் மாற்று மருந்து ஏற்றினார். மூச்சு திரும்பும்வரை நீ அதன் காதில் எதையோ பேசிக்கொண்டே இருந்தாய். இன்னொரு தடவை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் ஊசிக்கு நாள் வருவதற்குள் மார்வலியில் நீ போய்விட்டாய். முடிவெடுக்கிற பாட்டை என் தலையில் கட்டிவிட்டாயே என்று உன்மேல் கோபம்கூட வந்தது. எதிர்ப்புச் சக்தி இல்லையென்று வந்தால் நான் என்ன செய்வேன் என்று ஒரு வாரமாகத் தவித்தேன். உன்னைப்போல வண்டியை எடுக்கச் சொல்ல எனக்கு நெஞ்சுரம் கிடையாது.

இன்று டாக்டர் போன் செய்தார். “நிறையவே இருக்கு. இந்த வருஷம் ஊசி வேண்டாம்.”

அடுப்படி வாசலுக்கு ஓடி, “அக்கா, ஊசி வேணாமாம்க்கா!” என்று கத்திவிட்டேன். செவலையும் ஓடிவந்து, என்னோடு சேர்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது.

சொல்ல ஆளில்லாத அந்தச் சேதியை இன்னும் நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.