நான்காவது வரியில் ஒரு முறிவு

ஆகஸ்ட் 12, 2016 – வெள்ளி

குழந்தை மரீஸுக்கு மறுபடியும் காதில் சீழ். பிறந்த பத்து மாதத்தில் இது நான்காவது தடவை. அந்த இளஞ்சிவப்பு மருந்தில் பாதி என் சட்டையில்தான் போகிறது. டாக்டர் சாதாரணம் என்கிறார். சாதாரணமானால் எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை?

என் கணவன் டுவார்ட் மதியம் கரைக்கு வந்தான். படகு மோட்டார் வரும் வழியில் இரண்டு தடவை நின்றதாம். அது போய்விட்டால் சிப்பி வாரவும் முடியாது, ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போகவும் முடியாது. அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. கட்டைவிரலை மட்டும் நீட்டினான். கணுவரை தோல் உரிந்திருந்தது. இங்கே எல்லோரும் தேடிப் பிடிக்கும் வரிமீனின் வாய்க்குள் உப்புத்தாள் போலச் சிறு பற்கள். வாய்க்குள் கட்டைவிரலை விட்டுத் தூக்கிப் பிடிப்பவனின் விரலைச் சிராய்த்துவிடும். பெரிய மீன் என்றால் கணுவரைக்கும். களிம்பு தடவினேன். "முப்பத்தெட்டு அங்குலம், செலி. கடல்லயே விட்டுட்டேன்," என்றான். எனக்காகச் சொன்னானோ?

ஆகஸ்ட் 17 – புதன்

தூண்டில் இரை விற்கும் கடையில் பச்சேகோ. மீன்பிடிச் சங்கத்தின் போட்டியில் மீனை நிறுக்கும் தராசு அவருடைய அப்பா கொடுத்தது. அதை இந்த வருஷம் நான் ஓரங்கட்டியதை அவர் மன்னிக்கவேயில்லை.

"என்னம்மா, மீனுக்குக் கல்யாண ஃபோட்டோ எடுக்கப் போறீங்களாமே. மாலை யாரு போடுறது?"

கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

போன வருஷப் போட்டியில் தராசில் தொங்கியவை முப்பத்து நான்கு. வயிற்றைக் கிழித்துப் பார்த்தேன், இருபத்தொன்பது பெண். பெரிய பெண் மீன் ஒவ்வொன்றும் ஒரு வசந்தத்தில் இருபது, முப்பது லட்சம் முட்டை போடும். நாலைந்து வருஷமாக ஆறுகளில் குஞ்சு சரியாகத் தேறவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். மார்ச் கூட்டத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னபோது என் குரல் நடுங்கியது. கொல்லாமல் அளந்து விடலாம் என்ற என் விதி பதினொன்றுக்கு ஒன்பது ஓட்டில் ஜெயித்தது. "ஒரு வருஷம் பார்ப்போம்," என்றார்கள். ஒரே ஒரு வருஷம்.

விதி எளிது. காலையில் சங்கம் ஒரு பிளாஸ்டிக் வில்லை கொடுக்கும், படம் அன்றையதுதான் என்று தெரிய தினம் ஒரு நிறம். பிடித்த மீனை அளவுப் பலகையில் கிடத்தி, வில்லையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டு, அங்கேயே மீனைக் கடலில் விடவேண்டும். ஒவ்வொரு நாளின் மிக நீளமான மீனையும் மூன்று நாளுக்கும் கூட்டிப் பார்த்து முதல் பரிசு. பரிசு, புது மோட்டார்.

படங்களைச் சரிபார்ப்பது நானும் வாரனும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். என் வீட்டுப் படங்கள் அவரிடம் மட்டும் போகும்.

ஆகஸ்ட் 19 – வெள்ளி

போட்டி ஆரம்பம். டுவார்ட், நாற்பத்தொரு அங்குலம்! முதல் இடம். சமையலறையில் மரீஸைத் தூக்கிச் சுற்றினான். அவள் அவன் தோளில் கக்கினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தோம்.

ஆகஸ்ட் 20 – சனி

இன்றும் நாற்பத்தொன்று. இரண்டாவது ஆளைவிட ஒன்பது அங்குலம் முன்னால்.

சந்தோஷப்பட வேண்டும். அவன் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை? – மரீஸுக்குக் காய்ச்சல் 101. தூக்கமில்லாதவளுக்கு எல்லாமே சந்தேகம்தான்.

ஆகஸ்ட் 21 – ஞாயிறு

காலையில் வாரன் டுவார்டின் இரண்டு படங்களையும் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார். "உங்க வீட்டுப் படத்தை உனக்கு அனுப்ப விதி இல்லைதான். ஆனா இதுல ஒண்ணு நாப்பத்தொண்ணா, நாப்பதரையா? என் கண்ணுக்குத் தெரியல. நீளத்தை மட்டும் பார்த்துச் சொல்லும்மா."

நீளத்தை மட்டும் பார்க்க எனக்குத் தெரியாது. குழந்தை பிறக்கும் முன் இரண்டு கோடை அரசாங்கக் கணக்கெடுப்பில் இந்த மீன்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விலாவின் கறுப்பு வரிகள் எங்கே முறிகின்றன என்பது மீனுக்கு மீன் வேறு. வெள்ளிக்கிழமை மீனுக்கு நான்காவது வரி நடுவில் முறிந்து, ஒரு படி இறங்கி, மறுபடி போகிறது. சனிக்கிழமை மீனுக்கும் அதே முறிவு. அதே படி. துடுப்பின் கீழே செதில் போன அதே வடு.

நீல வில்லை. மஞ்சள் வில்லை. ஒரே மீன்.

மரீஸை மார்பில் கட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். அவன் கடலுக்குப் போயிருந்தான். எங்கள் இடத்தில் துறைப் பலகைக்கு அடியில், சிங்கி இறால் போட்டு வைக்கும் மிதவைப் பெட்டி. சிங்கியை விற்கும்வரை எல்லோரும் அதில்தான் உயிரோடு வைப்பார்கள். கயிற்றை இழுத்தேன். இழுக்க முடியவில்லை, அவ்வளவு கனம். மூடியை மட்டும் தூக்கினேன்.

மூன்றடிப் பெட்டி. அந்தப் பெரிய பெண் மீன் அதற்குள் வளைந்து கிடந்தாள். வால் மடங்கி. கண் வெளுத்திருந்தது. தண்ணீர் வெந்நீர் மாதிரி இருந்தது. மரீஸ் கையை நீட்டி "ஆ, ஆ" என்றாள்.

மதியம் அவன் வந்தான், இன்றைக்குப் பிடித்து விட்டது முப்பத்து நான்கு அங்குலம்தானாம், ஆனாலும் முதல் இடம் போகவில்லை. நான் துறைப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். மூடி திறந்திருந்தது.

"இது என்ன?"

"நீ கேக்கறியா, நடுவர் கேக்கறாங்களா?"

"டுவார்ட்."

"நேத்து ரெண்டாவது படம் எடுத்ததும் விடத்தான் போனேன், செலி. சத்தியமா. தண்ணியில பிடிச்சு ஆட்டிப் பார்த்தேன், நீந்தல. புரண்டு புரண்டு விழுந்துச்சு. ஒரு ராத்திரி பெட்டியில இருந்தா தேறிடும்னு..."

"தேறியிருந்தா இன்னிக்கு சிவப்பு வில்லை வெச்சிருப்பியா?"

குனிந்து மூடியைச் சாத்தினான். "அந்த மோட்டார் என்னிக்காவது என்னை நடுக்கடல்ல விட்டுடும். அதுக்கு எந்தப் பலகையில அளவு இருக்குன்னு சொல்லு," என்றான்.

எனக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு அலுப்பு. – நான்தானே இந்த விதியைக் கொண்டுவந்தேன். தராசு இருந்திருந்தால் இந்த ஏமாற்று அவனுக்குத் தோன்றியே இருக்காது. மீன் என்னவோ அப்போதும் செத்துத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 22 – திங்கள்

வாரன் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"எனக்குத்தான் கண்ணு சரியில்லையேம்மா. நான் எதையும் பார்க்கல, நீயும் பார்த்திருக்கக் கூடாது. இது வெளிய வந்தா பச்சேகோ தராசைத் தூக்கிட்டு வந்துடுவார். அடுத்த வருஷம் எத்தனை மீன் தொங்கும்னு நினைச்சுப் பார்த்தியா? ஒரு மீனுக்காக நாப்பது மீனா?"

கணக்கு வாத்தியார். கணக்கு சரிதான்.

வாயை மூடினால் மோட்டாரும் கிடைக்கும், விதியும் பிழைக்கும். திறந்தால் இரண்டும் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காலையிலிருந்து யோசிக்கிறேன். ஆனால் அடுத்த வருஷம் இன்னொருவன் இதையே செய்வான். அவன் படத்தை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்?

ஆகஸ்ட் 24 – புதன்

சொல்லிவிட்டேன். சங்கக் கூட்டத்தில், எழுந்து நின்று. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரியைக் காட்டி. குரல் நடுங்கவில்லை, அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

டுவார்ட் கடைசி வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான். "அவ சொல்றது சரி. நான்தான் வெச்சேன்," என்றான். அவ்வளவே.

பச்சேகோ கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "தராசுல தொங்கின மீனுக்கு வாலை நறுக்கிடுவோம்மா. மறுநாள் அது திரும்ப வராது. படிச்சவங்க இதை யோசிக்கலையே," என்றார்.

மோட்டார் வேறொருவருக்குப் போயிற்று.

ஆகஸ்ட் 25

அவன் சோபாவில் படுக்கிறான். குழந்தைக்குத் தொந்தரவு வேண்டாம் என்றுதானாம்.

நவம்பர் 3

மோட்டார் நின்றேவிட்டது. நல்லவேளை, துறைக்கு அருகில். திங்கள் முதல் மீன் வெட்டும் கூடத்தில் வேலைக்குப் போகிறான். நகத்தில் பனிக்கட்டி வாசனை. மாமியார் கேல் கீரை சூப் கொடுத்தனுப்பினார், என்னிடம் பேசாமல்.

ஜனவரி 19, 2017

மரீஸ் நடக்கிறாள். ஐந்து அடி. அவன் பார்க்கும்போதுதான் நடந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சோபாவில் இப்போது துவைத்த துணி மட்டும்.

மார்ச் 15

பதினான்குக்கு ஆறு. தராசு திரும்பி வருகிறது. இனி ஏமாற்ற முடியாதபடி நாலு வில்லை, படங்களைச் சரிபார்க்க நாலு பேர் என்றெல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். படித்து முடிக்க விட்டார்கள், அதுவரை மரியாதைதான். அந்த ஆறில் ஒரு கை பின்னாலிருந்து உயர்ந்தது. யாருடையது என்று திரும்பிப் பார்க்கவில்லை. தெரியும்.

ஆகஸ்ட் 20 – ஞாயிறு

மூன்று நாளும் தராசடியில் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. கத்தியும் நோட்டும் எடுத்துப்போனேன், வயிற்றையாவது பார்க்கலாம் என்று. முப்பத்தெட்டு மீன். முப்பத்து மூன்று பெண். பச்சேகோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். "உட்காரும்மா, முதுகு போயிடும்." உட்கார்ந்தேன். அலுப்பில் நன்றிகூடச் சொன்னேன்.

டுவார்ட் தன் மாமாவின் படகில் தனியாகப் போயிருந்தான். பரிசு இந்த வருஷமும் மோட்டார்தான். தராசு மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது துறைக்கு வந்தான், கை வெறுமையாக.

"என்னடா, மறுபடி பெட்டியில மறந்துட்டு வந்துட்டியா?" யாரோ. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"ஒண்ணும் கடிக்கல."

வீட்டில் மரீஸை மடியில் வைத்து மசித்த உருளைக்கிழங்கு ஊட்டினான். அவள் கரண்டியைத் தட்டிவிட, அது விரலில் பட்டு அவன் முகம் சுருங்கியது. அப்போதுதான் பார்த்தேன். வலது கட்டைவிரல். கணுவரை உரிந்து, ரத்தம் இன்னும் காயவில்லை.

களிம்பு எடுத்து வந்தேன். கொடு என்றேன். கொடுத்தான்.

"எவ்வளவு நீளம்?"

மரீஸின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அளவுப் பலகையை எடுத்துட்டுப் போகல, செலி."