இழைக்காமல் விட்ட இடம்

ஜனவரி 28, செவ்வாய்

கடையில் நாள் முழுக்கக் கீல்களை அளவு பார்த்துப் பிரித்தேன். வீட்டுக்கு வந்தால் பூட்டைத் திறக்கும்முன் ஒரு நிமிஷம் நிற்கிறேன், உள்ளே யாராவது இருமுகிறார்களா என்று. வெளியே பூட்டிய வீட்டுக்குள் யார் இருமுவார்? புத்தி கெட்டுத்தான் போச்சு எனக்கு.

அண்ணன் போன் செய்தான். ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வள்ளியூரிலிருந்து வண்டியோடு வருகிறானாம். சாமானைக் கட்டி வைக்க வேண்டுமாம். "ஏட்டி, ஒரு பூட்டுக்கு எத்தன நாளைக்குக் காவல் இருப்ப?" என்றான். நான் ஊருக்குப் போன பிறகு என் வீட்டுக்காரர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால்? அதைச் சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வருகிறது.

தச்சு வேலைக்காரர் அவர். போன ஜூலையில் போனவர். மிஷின் ரம்பத்தில் இடது கைப் பெருவிரலும் அடுத்த விரலும் போய்விட்டன. புண் ஆறிக் கட்டுப் பிரித்த மறுநாள், டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். போனை அலமாரி மேலேயே வைத்துவிட்டுப் போனார். மறந்து வைத்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா? இன்றுவரை அதற்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 31

தம்பானூர் பஸ் ஸ்டாண்ட், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, கரமனைப் பட்டறைகள். மறுபடி எல்லா இடமும் போனேன். இல்லை.

பிப்ரவரி 3, திங்கள்

கடைச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். புத்தரிக்கண்டம் மைதானத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு மரவேலைக் கண்காட்சி. நாற்காலி, மேசைக்குப் போட்டியும் உண்டு. தென் ஜில்லாக்களிலிருந்து பட்டறைக்காரர்கள் எல்லாரும் வருவார்களாம். என்னோடு வேலை பார்க்கும் ஷிஜாதான் முதலில் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அதே நினைப்புதான் வந்திருக்கும்.

அவர் அங்கே வருவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவர் செய்த சாமான் வரலாம். வந்தால் எனக்குத் தெரியும். எதைச் செய்தாலும் அடிப்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு கை அகலம் இழைக்காமல் விட்டுவிடுவார். "முழுசா முடிச்சா கண்ணு பட்டுரும்" என்பார். எங்கள் கல்யாணக் கட்டிலுக்கு அடியிலும் அப்படி ஓர் இடம் உண்டு. பெருக்கக் குனிந்தால் கையில் சிராய் குத்தும். அதற்காக எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

கடை விட்டதும் ஓடினேன். பந்தல் முழுக்க வார்னிஷ் வாசம். ஒரு பக்கம் மிஷின் விற்கிறவர்கள் கட்டையை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதே ரம்பச் சத்தம். காதைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனேன்.

போட்டிச் சாமான் எல்லாம் கயிறு கட்டிய மேடையில். முன்னால் மலையாளத்தில் 'தொடருது' என்று பலகை. தொடக்கூடாது என்று அர்த்தம். நம் தமிழில் படித்தால் தொடர்ந்துகொண்டிருக்கிறது என்று வரும். எனக்கு எது வசதியோ அதைப் படித்துக்கொண்டேன். கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஒவ்வொரு மேசைக்கும் அடியில் தடவிக்கொண்டே போனேன். காவல்காரர் பிடித்துவிட்டார். "சேச்சிக்கு மலையாளம் அறியில்லே?" என்று கேட்டார். தெரியாதவள் மாதிரி முழித்தேன்.

பாதிதான் பார்க்க முடிந்தது. நாற்காலி வரிசை அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

உடனே எழுதிவிடுகிறேன்.

அயினி மரத்தில் ஒரு சாய்வு நாற்காலி. உட்காரும் பலகை அடிப்பக்கமாக வளைந்து போகிறது. அந்த வளைவுக்குள் கையை விட்டேன். வழுவழுவென்று போய்க்கொண்டே இருந்த கை சொரசொரவென்று நின்றது. ஒரு கை அகலம். அப்படியே அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆள் உயிரோடு இருக்கிறார். நான் அந்த இடத்தை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

நாற்காலிக்குச் சொந்தக்காரர் ஓடி வந்தார். நேமத்தில் பட்டறை வைத்திருக்கும் ஜெயன் என்பவர். இதைச் செய்தது யார், யார் என்று நான் கேட்டதை அவர் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டார். குனிந்து தாமும் தடவிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. நடுவர்கள் நாளைக் காலையில் வருகிறார்கள். உடனே போனை எடுத்து, "அண்ணாச்சி, நாளை ராவிலே வரணும். அடியில் குறச்சு பணி பாக்கி உண்டு" என்றார். காலையிலேயே வர வேண்டும், கொஞ்சம் வேலை பாக்கி என்று.

அண்ணாச்சி என்றார். இங்கே தமிழரைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். அப்படியானால் நம் ஆள். பேர் என்ன என்று கேட்டேன். ஜெயனுக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பணிக்காரன் பேரெல்லாம் உனக்கெதற்கு என்று போய்விட்டார்.

நாளைக்கு அண்ணனும் வருகிறான். சாமான் ஒன்றும் கட்டவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

எப்படி எழுத?

அண்ணன் ஆறுமுகசாமி காலையிலேயே வண்டியோடு வந்து நின்றான். ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவன் கத்தக் கத்த ஓடினேன்.

ஜெயன் நாற்காலியைக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். இளைத்துத் தாடி நரைத்துப் போயிருந்தார். இடது கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தார். வலது கையில் இழைப்புளி. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை.

"எப்படி வந்த?"

"அடியில தடவிப் பாத்தேன். கண்ணுக்கு விட்ட இடம் இருந்துச்சு. நீங்கதான்னு தெரிஞ்சுட்டு."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கண்ணுக்கு விட்டதில்ல, பிரேமா. மத்ததெல்லாம் மிஷின்ல ஓட்டிட்டேன். அந்த வளைவுல கையாலதான் இழைக்கணும். இந்தக் கைக்குப் பிடி கிடைக்கல. முடியல. விட்டுட்டேன்."

நேற்று நான் கட்டிக்கொண்டு அழுதது அவருடைய பழக்கத்தை இல்லை. அவருக்கு முடியாமல் போன இடத்தை.

ஜெயன் அவசரப்படுத்தினார். அவர் குந்தி உட்கார்ந்து, மிச்ச விரல்களால் இழைப்புளியின் முன்பக்கத்தை அமுக்கப் பார்த்தார். அது துள்ளித் துள்ளிப் போய் ஒரு கீறல் போட்டது. இன்னொரு தடவை. இன்னொரு கீறல். "மதி அண்ணாச்சி, போட்டே" என்று ஜெயனே சொல்லிவிட்டார். போதும், போகட்டும் என்று. அந்த மனுஷரைக் குறை சொல்ல மாட்டேன். நடுவர்கள் வந்தார்கள். ஒரு அம்மா கையை அடியில் விட்டுத் தடவினார், எதையோ குறித்துக்கொண்டார், அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பை நான் பார்த்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு வாருங்கள் என்றேன். என்னென்னவோ சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். பந்தலில் எல்லாரும் பார்த்தார்கள். அவர் ஒன்றுதான் சொன்னார். "வீட்டப் பூட்டிட்டு ஒங்க அண்ணன்கூடப் போயிரு. அரக் கையன வச்சு நீ என்ன செய்யப் போற?" நாற்காலியை ஏற்றிய வண்டியிலேயே ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் அண்ணன் பாதிச் சாமானை வண்டியில் ஏற்றியிருந்தான். ஆள் உயிரோடு இருப்பது தெரிந்துவிட்டதே, அது போதாதா, ஏறு என்றான். ஏறவில்லை. சாமானை எல்லாம் திரும்ப இறக்கினேன். அவன் சாப்பிட்டுவிட்டுப் போனான். அவசரத்தில் என் அரிசிப்பானை அவனோடு வள்ளியூர் போய்விட்டது.

பிப்ரவரி 10

இருக்கிறார். வர மாட்டார். இல்லாமல் இருந்ததைவிட இது கஷ்டமாக இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேமம் பட்டறைக்கு மீன் குழம்பு எடுத்துக்கொண்டு போனேன். நான் யாரென்று இப்போது ஜெயனுக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் வேலைக்குச் சேர்ந்தாராம். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். எல்லாவற்றையும் சாப்பிட்டார். பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டு, "இனி வராத" என்றார். சரி, அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அவர் ஒரு பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இழைப்புளி துள்ளியது. பொறுக்கவில்லை எனக்கு. எதிரே உட்கார்ந்து அதன் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். தட்டிவிட்டார். மறுபடி பிடித்தேன்.

"அமுக்காத. இழு."

"இழுக்கத்தான செய்யுதேன்."

"இதா இழுக்குத லெச்சணம்?"

போன ஜூலைக்கு அப்புறம் இதுதான் எங்கள் முதல் சண்டை. சண்டைக்கு நடுவில் நீளமாக ஒரு சீவல் சுருண்டு விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் கையை எடுத்துவிட்டார். போ என்றார். சத்தமாக, ஜெயன் எட்டிப் பார்க்கிற மாதிரி. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மார்ச் 2, ஞாயிறு

போனேன். ஆள் இல்லை. மரம் பார்க்கக் கல்லாறு போயிருக்கிறார் என்றார் ஜெயன். பொய்யாக இருக்கும். என்னைத் தவிர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். சோற்றுப் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இனிப் போக மாட்டேன். எனக்கும் ஒரு அளவு உண்டு. அண்ணனுக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மன் கோயில் பொங்காலை முடிந்த மறுநாள் வருகிறான்.

மார்ச் 5

இன்று அவர் போனுக்குச் சார்ஜ் போடவில்லை.

மார்ச் 6

போட்டுவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

வியாழக்கிழமை பொங்காலை, பெண்களெல்லாம் அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் நாள். தெருவோரம் இப்போதே செங்கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டார்கள். நானும் வாசலில் என் கல்லை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு ஆட்டோ நின்றது. அவர் ஒரு பலகையும் இழைப்புளியுமாக இறங்கினார், என் சோற்றுப் பாத்திரமும் கையில். இடது கையில் துண்டு இல்லை.

"பொங்காலைக்கு உக்கார மணை இருக்கா ஒனக்கு?" என்று கேட்டார். என்னமோ நேற்றுச் சாயங்காலம் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர் மாதிரி.

இல்லை என்றேன். வீட்டில் இரண்டு இருக்கிறது.

பலகை கல்லாற்றிலிருந்து வந்ததாம். அப்படியானால் ஜெயன் பொய் சொல்லவில்லை. வாசலிலேயே உட்கார்ந்தோம். அவர் தள்ளினார், நான் இழுத்தேன். போகிற வருகிற பெண்கள் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும். மேல்பக்கம் முடிந்தது. கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கமும் இழைத்தோம். இழைப்புளி ஒரு தடவைகூடத் துள்ளவில்லை. மூலையில் ஒரு கை அகலம் மிச்சம். இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் முடிந்துவிடும். நான் இழுத்தேன். அவர் தள்ளவில்லை. கையை எடுத்துவிட்டார்.

"ஏன், கை வலிக்குதா?"

"இல்ல. அந்த எடம் அப்படியே கெடக்கட்டும்."

அவர் கால் பொருத்தி, மணையை நிமிர்த்தி, ஆடுகிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டு, என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

அண்ணனுக்குப் போன் செய்ய வேண்டும். அரிசிப்பானையை மட்டும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பச் சொல்ல வேண்டும்.