பைக்குள் இருக்கும் துணி

பஸ்கோரோ,

சோயா தெம்பே பொரித்து மூடி வைத்திருக்கிறேன். என் சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது. நான் மலாங்கில் அம்மா வீட்டுக்குப் போகிறேன்.

கூண்டில் இருக்கும், நீங்கள் 'பறக்கும் அணில்' என்று கூப்பிடும் சுகர் கிளைடர் இரண்டுக்கும் பொழுது சாய்ந்ததும் பப்பாளியும் குழந்தைக் கஞ்சியும் வையுங்கள். கடித்தால் கையை உதறாதீர்கள். உங்கள் வாசனை அவற்றுக்குப் பழக்கமில்லை. வீட்டில் இருந்தால்தானே பழகும்!

அன்றைக்குக் கடைக்காரர், "ஒத்தையா விட்டா ஏங்கியே செத்துப்போயிடும்ண்ணே" என்றதும் அங்கேயே ஜோடி சேர்த்து வாங்கினீர்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். இந்த வீட்டில் ஒத்தையாக இருப்பது யார் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை.

லாரஸ்

மறந்துவிட்டேன்: அவை படுக்கும் பைக்குள் கிடப்பது என் பழைய நைட்டித் துணி. துவைத்துவிடாதீர்கள். என் வாசனை இல்லாவிட்டால் இரண்டும் தூங்காது.

நீங்கள் தூங்கிவிடுவீர்கள், தெரியும்.