இரண்டாம் முறை கேட்கவில்லை

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

ஆராய்ச்சியை முடிக்கிற அவசரத்தில் இருப்பீர்கள். நடுவில் கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். கைப்பேசியில் எழுதினால் பாதியிலேயே அழித்துவிடுகிறேன். அதனால்தான் தாளில்.

ஊருக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. அங்கே உங்கள் பல்கலைக்கழகத்தில் நான்கு மாதம் தண்ணீர்ச் சோதனை கற்றுக்கொண்டவள் இங்கே தண்ணீர் கேன்களில் ‘சோதிக்கப்பட்டது’ என்ற சீட்டை ஒட்டுகிறேன். சோதிக்கும் கருவி இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. முதலாளியிடம் கேட்டால், “வெளிநாடு போய்ட்டு வந்தாலே எல்லாத்துலயும் சந்தேகம் வந்துடும் போல” என்கிறார்.

அப்பா வேலை பார்க்கும் லிஃப்டில் ஏறியவர் யாரும் தப்புவதில்லை. ஆறாவது மாடி போவதற்குள், “பொண்ணை மறுபடி கூப்பிடுவாங்க சார். செப்டம்பர்ல போறா, ரெண்டு வருஷப் படிப்பு” என்று முழுக் கதையும் சொல்லிவிடுகிறார். நேற்று ஒருவர் நாலாவது மாடியிலேயே இறங்கிப் படியேறிப் போனாராம். அம்மா என் பெட்டியைப் பரணில் ஏற்ற விடவில்லை. “எதுக்கு ஏத்தி இறக்கிக்கிட்டு?”

செப்டம்பர் படிப்புக்கான பெயர்ப்பட்டியல் வந்துவிட்டதா அக்கா? சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள்
முணுமுணு


மார்ச் 19

அடி முணுமுணு,

இன்னொரு தடவை தொந்தரவு, மன்னிப்பு என்று எழுதினால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

பட்டியல் போன வாரமே வந்துவிட்டது. உன் பெயர் இல்லை. மனசு கேட்காமல் பேராசிரியர் அறைக்கே போய்க் கேட்டேன். அவர் என்னைத்தான் விநோதமாகப் பார்த்தார். கடைசி நாளன்று அந்த இடத்தை உனக்கே தருவதாகச் சொன்னாராம். நீ வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாயாம். ஒரு மாதம் பார்த்துவிட்டு வேறொருத்தருக்குக் கொடுத்துவிட்டார். இனி இரண்டு வருடத்துக்கு அந்த இடம் கிடையாது. கெஞ்சியும் பார்த்தேன்.

நான்கு மாதம் ஒரே அறையில் இருந்தோமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டில் வேண்டாம் என்றார்களா?

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

வீட்டில் நான் கேட்கவே இல்லை. செப்டம்பர் படிப்புக்கு மறுபடி கூப்பிடுவார்கள் என்று மட்டும்தான் சொன்னேன். கேட்டிருந்தால் அப்பா அன்றைக்கே பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்திருப்பார்.

யார் எதை நீட்டினாலும் உடனே கை நீட்டக் கூடாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள். பக்கத்து வீட்டில் மிட்டாய்த் தட்டை நீட்டினாலும் முதலில் “வேணாம்” என்போம். “அட, எடுத்துக்கோம்மா” என்று மறுபடி நீட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் எடுப்போம். இவ்வளவு பெரியதை ஒரே வார்த்தையில் வாங்கிக்கொண்டால் அலைகிறவள் என்று பேராசிரியர் நினைத்துவிடுவாரோ என்று பயந்துதான் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் ‘சரி’ என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். நடைகூடத்தில் மெதுவாகத்தான் நடந்தேன் அக்கா. ஊருக்கு வந்தும் தினம் மின்னஞ்சல் பார்த்தேன். மறுபடி கேட்பார் என்றே இருந்தேன். உங்களிடம் சொன்னால் நீங்கள் அவரிடம் போய்ப் பேசுவீர்கள். அதுவும் நானே கேட்டு வாங்கியது போலத்தானே.

நேற்று அப்பா, விமான நிலையம் வருவதற்காகச் செப்டம்பரில் இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மேலாளர் சிரித்தாராம், “இன்னும் அஞ்சு மாசம் இருக்கேய்யா” என்று. அப்பாவும் சேர்ந்து சிரித்ததாகச் சொன்னார்.

ஒரே ஒரு உதவி. அப்பாவுக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், எழுத்து பெரிதாக இருக்கட்டும். இந்த வருடம் யாருக்குமே இடமில்லை என்று எழுதுங்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்றும் எழுதுங்கள்.

முணுமுணு